பின்னறைக்குப் போகும் லைன்

ரங்கத்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பி யோகராஜுக்கு,

அக்கா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? கேம்பல் பேயில் மழை பிடித்துவிட்டதா? போன வருஷம் படுத்தியெடுத்த அந்த முதுகுவலி திரும்ப வந்ததா என்று மறைக்காமல் எழுது. இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நாள் முழுக்க டயர் கடையில் குனிந்தே கிடக்கிறவருக்கு வேறென்ன வரும். எனக்கு முழங்கால்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நீ வேலை பார்க்கிற இடத்தில் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பாதி வார்த்தைதான் வந்து சேருகிறது. அதுவுமில்லாமல் இது எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். போன் லைன் பற்றி உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

திவ்யாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் ஒரு கம்பெனி. டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். இதற்காகப் பழைய டெலிபோன் லைனிலேயே பிராட்பேண்ட் வாங்கினோம். கடலுக்கடியில் கேபிள் வந்தபிறகு ரங்கத்திலும் நெட் பறக்கிறது என்று பஜாரில் எல்லோரும் சொல்கிறார்கள். நம் வீட்டுக்குள் வந்ததும் அது படுத்துக்கொள்கிறது. ஸ்பீட் எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்றுகூட வரவில்லை என்கிறாள். நடுநடுவே முழுவதுமாகவும் நின்றுவிடுகிறது. மொபைலில் பார்க்கலாமென்றால் ரோட்டு வரைக்கும் நடக்க வேண்டும். மழையில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்ததையும் பார்த்துவிட்டேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வந்து சுவர் வரைக்கும் லைன் நன்றாக இருக்கிறது, உள்ளேதான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே என்றால் எங்கே? என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ராஜகுமாரி


கேம்பல் பே
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கப்பல் தாமதத்தால் இப்போதுதான் கைக்கு வந்தது. முதுகு பரவாயில்லை. மச்சானை அரிசியைக் குறைக்கச் சொல். திவ்யாவுக்கு என் வாழ்த்து. அவள் கெட்டிக்காரி, பிழைத்துக்கொள்வாள்.

எக்ஸ்சேஞ்ச் ஆள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் கோளாறு வீட்டுக்குள்தான். பழைய வயர், எலி கடித்த வயர், கண்ட இடத்தில் முறுக்கிவிட்ட ஜாயின்ட். இதை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டைத் தொட்டால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் வெளியிலிருந்து வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். அதிலிருந்து உள்பக்கம் போகிற எல்லா வயரையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் நேராக அந்தப் பெட்டியில் மாட்டச் சொல். வேறு போன், நீட்டு வயர் எதுவும் இருக்கக் கூடாது. அப்படி மாட்டி ஸ்பீட் பார்க்க வேண்டும். நன்றாக வந்தால் குற்றம் உள்ளே. வராவிட்டால் குற்றம் வெளியே, எக்ஸ்சேஞ்ச் ஆளை மறுபடி பிடிக்கலாம்.

ஒரு கேள்வி. ஹாலில் இருக்கிற போனைத் தவிர அதே லைனில் வேறு போன் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதைக் கட்டாயம் எழுது. இந்த நோய்க்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி
யோகராஜ்


ரங்கத்
20 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே ஒரே மழை. துணி காய்ந்து ஒரு வாரம் ஆகிறது. ரோட்டில் மரம் விழுந்து போர்ட் பிளேர் பஸ் வராததால் காய்கறி விலையைக் கேட்கவே முடியவில்லை.

நீ சொன்னபடி செய்தோம். உன் மச்சான்தான் ஏணி போட்டு ஏறினார். கூரைக்குக் கீழே வயர் நுழைகிற இடத்தில் ஒரு ஜாயின்ட் பச்சை பிடித்துப் போயிருந்தது. தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கி டேப் சுற்றினார். அன்று சாயங்காலம் கொஞ்சம் தேவலாம் என்றாள் திவ்யா. மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. மோடத்தையும் பெட்டியில் மாட்டிப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கம்பெனியில் ஒரு மேனேஜரம்மா இருக்கிறார்களாம். வேலை சுத்தமாக இருக்கிறது, நேரத்துக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

உன் மச்சானும் களைத்துப்போய்விட்டார். கடையை விட்டுவிட்டு எத்தனை தடவைதான் ஏணி ஏறுவார். வேறு வழி இருந்தால் எழுது.

அக்கா
ராஜகுமாரி


கேம்பல் பே
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. எனக்கு நடுவில் காய்ச்சல் வந்து போனது. இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதே.

நீ எழுதியதைப் பலமுறை படித்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஒத்து வரவில்லை. உள் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தைப் பெட்டியில் மாட்டியிருந்தால், ஒன்று நன்றாக ஏறியிருக்க வேண்டும், இல்லை வெளி லைனே கெட்டிருக்க வேண்டும். வெளி லைன் நன்றாக இருக்கிறது என்று ஆள் சொல்லிவிட்டார். அப்படியானால் எல்லா வயரையும் நீங்கள் கழற்றவில்லை. ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

திவ்யாவிடம் ஒன்று கேட்டுச் சொல். போன் மணி அடிக்கும்போது நெட் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் அந்த லைனில் இன்னொரு போன், நடுவே எந்தத் தடுப்பும் இல்லாமல், மாட்டியிருக்கிறது. போன தடவையே கேட்டேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. இந்தச் செம்பு லைனையே விட்டுவிடுங்கள். ரங்கத்தில் இப்போது ஃபைபர் வந்துவிட்டது. கம்பத்திலிருந்து ஒரு மெல்லிய வயர், ஒரு நாள் வேலை. பழைய லைனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தக் காலத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

தம்பி
யோகராஜ்


ரங்கத்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சலை இவ்வளவு லேசாக எழுதுகிறாயே. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனாயா? ரத்தம் சோதித்தார்களா? இந்தத் தீவுகளில் காய்ச்சலைச் சும்மா விடக் கூடாது. மச்சானுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

ஃபைபர் இப்போது வேண்டாம் என்று நினைக்கிறோம். கரண்ட் போனால் அதில் போன் வேலை செய்யாதாம். இங்கே கரண்ட் போகாத நாள் ஏது? பழைய போனென்றால் இருட்டிலும் மணி அடிக்கும். அதோடு அந்த நம்பர் எல்லோருக்கும் பழகிவிட்டது. அதைக் கொடுக்க மனசில்லை.

நீ கேட்டதற்குப் பதில், வேறு போன் இல்லை.

இந்த லைனிலேயே ஏதாவது செய்ய முடியுமா என்று மட்டும் யோசித்து எழுது. முடியாதென்றால் விடு. எங்கள் தலையெழுத்து என்று இருந்துவிட்டுப் போகிறோம்.

அக்கா
ராஜகுமாரி


ரங்கத்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

திவ்யா. எப்படி இருக்கிறீர்கள்? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவாள், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு போன் இருக்கிறது மாமா. பின்னறையில், ஷீலா சித்தியின் கட்டில் பக்கத்தில். வெள்ளைப் பெட்டியிலிருந்து இரண்டு வயர் போகிறது. ஒன்று ஹாலுக்கு. இன்னொன்று ஓட்டுக்கு அடியிலேயே போய்ப் பின்னறையில் இறங்குகிறது. நீங்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது அதைத் தொட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். நீங்கள் கேட்டது சரிதான். மணி அடித்தால் நெட் போய்விடுகிறது. திரும்ப வருவதற்குள் கேட்டுக்கொண்டிருந்த ஃபைல் முதலிலிருந்து இறங்க ஆரம்பிக்கிறது.

குணா சித்தப்பா டிங்கிப் படகில் கடலுக்குப் போய் இந்தப் பிப்ரவரியோடு மூன்று வருஷம் முடிந்துவிட்டது. கூடப் போன இரண்டு பேர் வீட்டிலும் காரியம் செய்துவிட்டார்கள். இங்கே செய்யவில்லை. எஞ்சின் நின்று பர்மாப் பக்கம் ஒதுங்கினவர்கள் ஜெயிலில் இருந்துவிட்டு வருஷக்கணக்கில் கழித்து வந்ததுண்டு என்று சித்தி சொல்வார்கள். சித்தப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் நம் வீட்டு லேண்ட்லைன்தான். நீங்கள் கேம்பல் பே போனபிறகு ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது ஹாலில் போன் அடித்திருக்கிறது. சித்தி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. யாரென்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தன் அறையிலும் ஒரு போன் வேண்டும் என்று கேட்டார்கள்.

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். சித்தி தையல் கடைக்குப் போயிருந்த நேரம் அந்த வயரைக் கழற்றிவிட்டேன். ஸ்பீட் ஏழுக்குப் போனது. சாயங்காலம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. மாட்டிவைக்க மறந்துவிட்டேன். சித்தி வந்து வழக்கம் போல ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார்கள். தினமும் அப்படிப் பார்ப்பார்கள். சத்தமே இல்லை. என்னைத் திட்டவில்லை. "எத்தன மணியிலேர்ந்து செத்துக் கெடக்கு, திவ்யா?" என்று மட்டும் கேட்டார்கள். காலையிலிருந்து என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஏணி ஏறி மாட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

அம்மா ஏன் உங்களிடம் இதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் சித்தியைக் கல்யாணத்துக்குக் கேட்டீர்கள் என்பதும், சித்தி பதில் சொல்லவில்லை என்பதும், அதற்கப்புறம்தான் நீங்கள் கேம்பல் பேக்கு மாற்றிக்கொண்டு போனீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் மனசு கஷ்டப்படும் என்று அம்மா நினைக்கிறாள். எனக்குக் கம்பெனியிலிருந்து இரண்டாவது எச்சரிக்கை வந்துவிட்டது மாமா. அதனால்தான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

திவ்யா


கேம்பல் பே
28 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. ரத்தமும் சோதித்துவிட்டேன், ஒன்றுமில்லை.

இதோடு ஒரு சின்னப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா. இதற்கு ஸ்பிளிட்டர் என்று பெயர். மூன்று துவாரம் இருக்கும். வெளியிலிருந்து வருகிற வயரை முதலில் இதில்தான் மாட்ட வேண்டும். மோடம் என்று எழுதிய துவாரத்திலிருந்து தனி வயர் மோடத்துக்கு. போன் என்று எழுதிய துவாரத்திலிருந்து இரண்டு போனுக்கும். ஹாலில் இருப்பதற்கும், பின்னறையில் இருப்பதற்கும். போன் மணி அடித்தாலும் அதன் இரைச்சல் நெட் பக்கம் போகாமல் இது தடுத்துவிடும்.

பின்னறை வயரைக் கழற்றவோ வெட்டவோ வேண்டாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நீ முதல் தடவை பதில் சொல்லாமல் விட்டாய், இரண்டாவது தடவை இல்லை என்று எழுதினாய். லைன் பார்க்கிறவனுக்கு அதுவே போதும். அந்த வீட்டில் யார் போனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அக்கா, நீ கடிதத்தில் ஷீலாவின் பெயரை எழுதுவதே இல்லை. நானும் கேட்பதில்லை. "எல்லோரும் சுகம்" என்பதற்குள் நீ அவளை வைக்கிறாய், "எல்லோரையும் கேட்டதாகச் சொல்" என்பதற்குள் நான் வைக்கிறேன். குணா போய் இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில் நான் அவளைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்கு வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகத் திவ்யாவின் வேலை போக வேண்டுமா? முதல் கடிதத்திலேயே இரண்டு போன் என்று எழுதியிருந்தால் அடுத்த கப்பலிலேயே இந்த டப்பா வந்திருக்கும்.

கோபமில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். பார்சல் வந்ததும் எழுது.

தம்பி
யோகராஜ்


ரங்கத்
27 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். வேறென்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் இந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தேன்.

பார்சல் வந்தது. கடல் மோசமென்று கப்பல் நின்று, போர்ட் பிளேரில் கிடந்து, பிறகு வந்தது. அது வருவதற்கு முந்தின வாரமே திவ்யாவைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். வேலையில் குறையில்லை, இணைப்பு சரியில்லை என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. தலையணையை உதறிப் போட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கினாள்.

இருந்தாலும் உன் மச்சான் அதை மாட்டினார். நீ எழுதியதைத் திவ்யா கீழே நின்று படித்தாள், அவர் மேலே மாட்டினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எட்டு வந்தது. பிறகு ஹால் போனை மொபைலிலிருந்து அடிக்கவைத்துப் பார்த்தோம். இரண்டு அறையிலும் மணி அடித்தது, நெட் அசையவில்லை. உன் மச்சான் ஏணியிலிருந்து இறங்கினார். "இவ்வளவுதானா? இந்த டப்பாவ மொதல்லயே கேட்டு வாங்கியிருக்கலாமே. ஏன் கேக்கல?" என்றார். அவருக்கு நான் மறைத்தது தெரியாது. நான் குனிந்து கீழே கிடந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கினேன். திவ்யா உன் கடிதத்தை மடித்து வைத்தாள்.

மணி அடித்ததைக் கேட்டு ஷீலா ஓடி வந்து நின்றிருந்தாள். சோதித்துப் பார்க்கத்தான் அடித்தோம் என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். அவள் என் முகத்தையும் திவ்யா முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டாள். எல்லோரும் போனபிறகு அடுப்படிக்கு வந்தாள்.

"என் ரூம்ல போன் இருக்கிறத ஏன் மறைச்சீங்கக்கா? யாருக்காக? அவருக்காகவா, எனக்காகவா?"

நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். உனக்காக என்று நினைத்துத்தான் செய்தேன். அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்று என் கையாலேயே உனக்கு எழுத மனசு வரவில்லை. நீ ஒருநாள் அந்தத் தீவை விட்டு இங்கே திரும்பி வருவாய் என்று ஒரு நினைப்பு. ஆனால் கஷ்டம் முழுக்கத் திவ்யாவின் தலையில் விழுந்தது.

பெயரை எழுதுவதில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது எழுதுகிறேன். ஷீலா உடம்பால் நன்றாக இருக்கிறாள்.

அக்கா
ராஜகுமாரி


ரங்கத்
15 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய யோகராஜ் அவர்களுக்கு,

நான் ஷீலா எழுதுகிறேன். உங்கள் உடல்நலம் அறிய விரும்புகிறேன். நீங்கள் அனுப்பிய டப்பாவால் லைன் தெளிவாக இருக்கிறது. முன்பிருந்த கரகரப்பு இப்போது இல்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

திவ்யாவின் வேலை என்னால் போனது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அதுதான் உண்மை. அவள் இப்போது வேறு கம்பெனிகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஓர் இடத்தில் ஜனவரியில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் பர்மாப் பக்கம் பிடிபட்டு விடுதலையான சிலர் போர்ட் பிளேருக்கு வந்திருப்பதாகக் கடையில் ஒருவர் சொன்னார். பெரியவரை, உங்கள் மச்சானைத்தான், கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். சாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். எல்லோரும் மெலிந்து போயிருந்தார்கள். போட்டோவை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். தெரியுமா என்று பெரியவர் இந்தியில் கேட்டார். அந்த ஆள் தமிழ்தான் பேசினார்.

"இல்லம்மா. எங்க அண்ணன் சாயல்ல இருக்காரு. அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் பெரியவர் அழுதார். தம்பிக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு இத்தனை நாள் நான் ஒருத்திதான் காத்திருக்கிறேன் என்று நினைப்பு. அவரும்தான் இருந்திருக்கிறார். ராஜி அக்காவும்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் அறையிலிருந்த போனைக் கழற்றச் சொன்னேன். இனி ஹாலில் மட்டும் இருக்கட்டும். அடித்தால் யாராவது எடுப்பார்கள். எடுத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். காத்திருப்பதை நான் விட்டுவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று நீங்கள் அக்கா மூலம் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது தவறு. இப்போதும் என்னிடம் பதில் இல்லை. எனக்காக நீங்கள் அந்தத் தீவில் இருக்க வேண்டாம். ஒருவருக்காக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவர் தலையில் நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு
ஷீலா


கேம்பல் பே
19 ஜனவரி 2025

ஷீலாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கே அனைவரும், குறிப்பாக நீங்களும், நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து ஒரு கப்பல் போய்விட்டது. அந்தக் கப்பலில் பதில் அனுப்ப எழுதியதைக் கிழித்துவிட்டேன். பெரிதாக எழுதியிருந்தேன். இது சின்னது.

நான் இங்கே இருப்பது உங்களுக்காக இல்லை. முதல் வருஷம் அப்படித்தான் இருந்தேன். பிறகு வேலை பழகிவிட்டது. காலையில் லைனைப் பார்க்கப் போகிறேன், சாயங்காலம் குளித்துவிட்டுச் சமைக்கிறேன். சில நாள் யாரையும் நினைப்பதே இல்லை. அதனால் அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

திவ்யாவுக்கு ஜனவரியில் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தடவை அவளுக்கு லைன் தடையாக இருக்கக் கூடாது. டவர் கிடைத்த ஒருநாள் மச்சானிடம் போனில் சொல்லி, அவளுக்குத் தனியாக ஃபைபர் போட மனுக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குள் நானே வயர் இழுத்துக் கொடுக்கிறேன். அடுத்த மாதக் கப்பலில் வருகிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த வீட்டுக்கு வராமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். வருவதற்கு ஒரு வேலை இருப்பது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

பழைய லைனை யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நெட் தனியாகப் போய்விட்டால் அது வெறும் போனாக, கரண்ட் போனாலும் அடிக்கிற போனாக இருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மச்சான் உடனே சரி என்றார். ஹாலில் வைப்பதா அறையில் வைப்பதா என்பது உங்கள் விருப்பம். எங்கே சொல்கிறீர்களோ அங்கே மாட்டித் தருகிறேன்.

நான் அங்கே இருக்கிற நாளில் அது அடித்து, பேசுவது குணாவாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அவன் எனக்கும் கூட்டாளி. இந்த வரியைப் பொய்யில்லாமல் எழுத முடிகிறதா என்று பார்க்கத்தான் ஒரு கப்பலை விட்டேன். முடிகிறது.

யோகராஜ்